மாயூரத்து முன்சீபும் ஒரகடத்து வாசகரும்

ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் நம் திருச்சபைகளிலிருந்து தரங்கம்பாடிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் புறப்படுவதை நாம் அறிவோம். 1706 ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கு கரையிறங்கிய கடற்கரை, 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற புதிய எருசலேம் ஆலயம், அவ்வாலயத்தினுள் அவர் துயில்கொள்ளும் இடம், டேனியர் 1620-இல் எழுப்பிய கோட்டை ஆகியவற்றைக் கண்டு, மனநிறைவுடன் திரும்புகின்றோம். அப்பேருந்துகளிற் சில மயிலாடுதுறை வழியாகவே செல்கின்றன. தேநீர் அருந்துவதற்கன்றி வேறெதற்கும் அவை அங்கு நிற்பதில்லை. தமிழின் முதற் புதினத்தை எழுதியவர் அவ்வூரில் வாழ்ந்து, அவ்வூரிலேயே மறைந்தார் என்பதும், அவர் கிறிஸ்தவர் என்பதும் பேருந்து ஓட்டுநருக்குத் தெரியாதிருத்தல் வியப்பன்று. நமக்கே நினைவில்லாதிருத்தல்தான் வியப்பு.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை மீண்டும் ஒருமுறை படித்ததன் விளைவாகவும், அந்நூலைக் கையில் ஏந்தி அவர் பணிபுரிந்த ஊர்களுக்குச் சென்று வந்ததன் விளைவாகவும் எழுந்தது இக்கட்டுரை. நூலாசிரியரின் ஊரைக் காண்பதனால் நூலைப்பற்றி நாம் முன் அறியாத எதனையேனும் அறிகின்றோமா என்பதே நம் வினா. அறிகின்றோம் என்பதே நம் விடை. ஆனால் நாம் எதிர்பார்த்துச் சென்றதனை அன்று. அவ்வறிவு முழுமை பெற்றதும் மாயூரத்தில் அன்று. திரும்பி வந்து, ஒரகடத்தில் தொழிற்சாலை இளைஞர் நடுவே அதே நூலை மறுபடியும் விரித்தபோதுதான் என்பதனையும் முதற்கண் சொல்லிவிடுகின்றோம்.

இருவகைத் தயக்கங்கள்

சீர்திருத்த மரபினராகிய நமக்கு இவ்வகை முயற்சியில் இரண்டு தயக்கங்கள் உண்டு. முதலாவது, புதினம் என்பது கட்டுக்கதை. திருப்பணிவிடைக்கென்று வேறுபிரிக்கப்பட்டவர் கதை படித்துப் பொழுது போக்கலாமா என்பது. இத்தயக்கத்திற்கு நம் வரலாறே விடை தருகின்றது. நம் முன்னோர் இல்லங்களில் திருமறைக்கு அடுத்தபடியாக இருந்த நூல் ‘மோட்சப் பிரயாணம்’. அஃதும் ஒரு கதையே. 1660 முதல் 1672 வரை பெரும்பாலும் சிறையிலிருந்த பனியன், 1678-இல் வெளியிட்ட கற்பனைப் பயணம் அது. நம் ஆண்டவரும் இறையரசைப் பற்றிப் பேச வந்தபோது விதைப்பவனையும், வழிப்போக்கனையும், வீட்டைவிட்டுப் போன மகனையும் கற்பனையாகப் படைத்தே பேசினார் என்பதனை மாணவர்க்கு நினைவூட்டவேண்டியதில்லை.

சீகன்பால்கைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தமிழ் நாட்டிற்குக் கற்பிக்க வந்தவர் என்றே அவரை நாம் போற்றுகின்றோம். அவர் முதலில் கற்றவர். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, 1708-இல் தமிழ் நூல்களுக்கு ஒரு விரிவான பட்டியலே வகுத்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூலை அச்சிட ஐரோப்பாவிலிருந்த அவர்தம் மேலோர் விரும்பவில்லை. அது 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. பிறர் இலக்கியத்தைப் படிப்பதைப் பற்றிய ஐயம் நம்மிடையே இன்று தோன்றியதன்று என்பதற்கும், அவ்வையத்திற்கு நம் முதல் மிஷனரி இணங்கவில்லை என்பதற்கும் இந்நூல் சான்றாகும்.

இரண்டாவது தயக்கம் இடத்தைப் பற்றியது. எழுதியவரின் வீட்டையும் கல்லறையையும் தேடிச் செல்லுதல், புனிதர்களின் எலும்பைத் தேடிச் செல்லும் பழைய வழக்கத்தின் மறுபிறவி அன்றோ என நம்மவர் கேட்கக்கூடும். தமிழருக்கு இவ்வழக்கம் புதிதன்று. ஒரு பாடலால் ஓர் ஊர் பெருமை பெறும் என்பதனைப் ‘பாடல் பெற்ற தலம்’ என்னும் தொடரே காட்டும். நாம் வாழும் ஒரகடத்திலிருந்து சிறிது தொலைவில் இராமாநுசர் பிறந்த திருப்பெரும்பூதூர் உள்ளது. அங்குச் செல்லும் அடியார் கூட்டத்தை நம் சாலைகளில் காண்கின்றோம். காஞ்சிபுரத்தில் அண்ணா வாழ்ந்த இல்லம் நினைவில்லமாக விளங்குகின்றது. இங்கிலாந்து செல்லும் நம்மவர் பெட்ஃபோர்டு நகரில், பனியன் இருந்த சிறையினது எனக் காட்டப்படும் கதவைக் கண்டு வருகின்றனர். இவற்றுள் எதனையும் நாம் இகழவில்லை. எனினும் நம் நிலை வேறு. இடம் நமக்கு வணக்கத்திற்குரிய பொருளன்று, சாட்சி. சாட்சியை எவரும் வணங்குவதில்லை. கூண்டில் நிறுத்தி விசாரிக்கின்றோம். ஒரு முன்சீபைப் பற்றிய கட்டுரையில் இவ்வுவமை பொருந்தும் என நம்புகின்றோம்.

நூலும் ஆசிரியரும்

வேதநாயகம் பிள்ளை 1826-இல் திருச்சிராப்பள்ளிக்கு அணித்தான குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, பின்னர்த் தரங்கம்பாடியில் முன்சீபானார். டேனியர் அவ்வூரை 1845-இல் ஆங்கிலேயர்க்கு விற்றுச் சென்று சில ஆண்டுகளே கழிந்த காலம் அது. சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பணியைத் தொடர்ந்தார். 1859-இல் ‘நீதிநூல்’, 1862-இல் உயர்ந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தொகுத்த ‘சித்தாந்த சங்கிரகம்’, 1869-இல் ‘பெண்மதி மாலை’, 1878-இல் ‘சர்வசமய சமரசக் கீர்த்தனை’, 1879-இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1887-இல் ‘சுகுணசுந்தரி’ என அவர் நூல்கள் வெளிவந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது ‘குளத்துக் கோவை’ பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், 1876 முதல் 1878 வரை நேர்ந்த பெரும்பஞ்சத்தில் அவர் ஏழைகட்குக் கஞ்சி வார்த்ததைக் கண்டு அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை இயற்றினார். 1889 ஜூலை 21-இல் மாயூரத்தில் உயிர் நீத்தார். சைவ மடங்களும் சங்கீத சபைகளும் நிறைந்த காவிரிக்கரையில் ஒரு கிறிஸ்தவர் பெற்ற நன்மதிப்பு இது.

கதையைச் சுருங்கச் சொல்வோம். செல்வக் குடியிற் பிறந்த பிரதாபன் தன் வரலாற்றைத் தானே சொல்லுகின்றான். இளமையில் படிப்பை வெறுத்த அவன், அறிவிற் சிறந்த ஞானாம்பாளை மணக்க விழைகின்றான். மணமக்கள் எவ்வீட்டில் வாழ்வது என்பதில் பெரியோர் பிணங்க, திருமணம் தடைப்பட்டுப் பின் நிறைவேறுகின்றது. கணவனும் மனைவியும் பிரிய நேர்கின்றது. விக்கிரமபுரி என்னும் ஒழுங்கற்ற நாட்டில் அவன் சிறைப்படுகின்றான். ஆணுடையில் அவனைத் தேடி வந்த ஞானாம்பாள் அந்நாட்டின் அரசுரிமையையே எய்தி, நாட்டைத் திருத்தி, கணவனையும் மீட்கின்றாள். இடையிடையே கிளைக்கதைகள் பல. அறிவுரைகள் அவற்றினும் பல.

குற்றமற்ற மாந்தர்

நூலின் பெருங்குறையும் அதன் முன்னுரையிலேயே வெளிப்படுகின்றது. தம் தலைமை மாந்தரை முற்றும் நற்குணம் உடையவராகவே படைத்ததாகவும், ஆங்கில அறவாளர் ஜான்சனின் கொள்கைக்கு அஃது இயைந்தது என்றும் ஆசிரியர் கூறுகின்றார். அவ்வாறே ஞானாம்பாளுக்குக் குற்றம் என்பதே இல்லை. அவள் எடுத்த செயல் எதுவும் பிழைப்பதில்லை. ஐயத்தால் அவள் ஓர் இரவும் உறக்கமிழப்பதில்லை. அவளைப் போற்றுகின்றோம், அவளுக்காக அஞ்சுவதில்லை. வாசகன் ஒரு பாத்திரத்திற்காக அஞ்சாவிடின் அப்பாத்திரத்தால் அவன் மாறுவதும் இல்லை.

திருமறை இவ்வழியில் செல்லவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. யாக்கோபின் வஞ்சகம், தாவீதின் மீறுதல், பேதுருவின் மறுதலிப்பு ஆகியவற்றை மறைத்திருந்தால் அவர்தம் பெருமை நம் கண்ணுக்கு உயர்ந்திருக்கலாம். அருளின் பெருமை காணாமற் போயிருக்கும். முற்றும் நல்லவர் நடமாடும் கதையில் மன்னிப்பிற்கு வேலையில்லை. வேதநாயகம் பிள்ளை அறத்தைக் கற்பிக்க விரும்பினார், கற்பித்தார். ஆனால் அறத்தைக் கைக்கொள்ள இயலாது தவிப்பவனுக்கு அந்நூலில் இடமில்லை. இக்குறையைச் சுட்டும்போதே நம் அருளுரைகளையும் எண்ணிப் பார்க்கின்றோம். நம் பிரசங்க மேடையில் தோன்றும் எடுத்துக்காட்டு மாந்தர் எத்துணைபேர் ஞானாம்பாளின் உடன்பிறந்தவர்! விடியற்காலையில் எழுந்து ஜெபித்து, ஒருபோதும் தளராது, ஒருபோதும் பொய் சொல்லாது வாழ்ந்த அத்தாய்மார்களின் கதைகளைக் கேட்டுவிட்டுச் சபையார் பெருமூச்செறிந்து வீடு செல்கின்றனர். ஆறுதல் பெற்றுச் செல்வதில்லை.

நூல் உயிர்பெற்று நிற்பது எங்கே? தலைமை மாந்தரிடத்தில் அன்று. கிளைக்கதைகளில் வரும் சிறு மனிதரிடத்தில். பேராசைக்காரர், வீண்பெருமை பேசுவோர், ஏமாற்றுவோர், ஏமாறுவோர் ஆகிய இவர்களை ஆசிரியர் ஓரிரு வரிகளில் தீட்டிவிடுகின்றார். இவர்களுக்கு ஜான்சனின் இசைவு தேவைப்படவில்லை போலும். இவர்களை அவர் எங்கே கண்டார் என்னும் வினாவே நம்மை மாயூரத்திற்கு அழைத்துச் சென்றது.

நீதிமன்ற வாசலில்

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில், செங்கற்பட்டு, திண்டிவனம், சிதம்பரம், சீர்காழி வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் அது. இறையியல் மாணவர் நால்வர் உடன் வந்தனர். மாயூரம் என்றும் மாயவரம் என்றும் வழங்கிய பெயர் 1982-இல் மயிலாடுதுறை என மாற்றப்பட்டது. 2020-இல் அது தனி மாவட்டத்தின் தலைநகரமும் ஆயிற்று. முன்சீப் அமர்ந்த நாற்காலியைத் தேடி நாம் செல்லவில்லை. காலையில் நீதிமன்ற வாசலுக்கு எதிரே, மரத்தடியில் ஒருமணி நேரம் நின்றோம், அவ்வளவே.

துணிப்பையில் பட்டாவும் பழைய பத்திரங்களும் சுமந்து வந்த முதியவர் ஒருவர், தம் வழக்கு எப்போது அழைக்கப்படும் என்று வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கைக்குழந்தையுடன் ஒரு பெண் சுவரோரம் அமர்ந்திருந்தாள். அவளுடன் வந்தவர்கள் தம்முள் பேசிக்கொண்டனரேயன்றி அவளிடம் பேசவில்லை. வழக்கறிஞர் ஒருவர் விரைந்து வந்து ஏதோ சொல்லிவிட்டு உள்ளே சென்றார். அவர் சொன்னது விளங்கியதா என்று முதியவரைக் கேட்டோம். “வாய்தாவாம்” என்றார். அந்த ஒரு சொல்லே அவருக்கு விளங்கியிருந்தது.

வேதநாயகம் பிள்ளை நாள்தோறும் கண்டது இக்கூட்டத்தைத்தான் என்பது அங்கு நின்றபோது நமக்குப் புலனாயிற்று. பொய்ச்சாட்சியையும் போலிப் பத்திரத்தையும் அவர் காலைமுதல் மாலைவரை கேட்டார். கைக்கூலியைக் கடிந்து பாடினார். ‘கண்டதெல்லாம் குற்றம், ஆதலால் எழுதும்போது குற்றமற்றவரைப் படைத்து இளைப்பாறினார்’ என்று உடன் வந்த மாணவர் ஒருவர் கூறினார். அது நல்ல விளக்கம். நூலின் குறையாக நாம் கருதியதன் பின்னே ஒரு களைப்பு இருந்தது என்பதனை ஊர் நமக்குச் சொல்லியது. ஆயினும் ஊர் மற்றொன்றையும் சொல்லியது. அவர் தம் கையால் கஞ்சி வார்த்த பஞ்சத்திற்கும் நூல் வெளிவந்த ஆண்டிற்கும் இடையே ஓராண்டே உள்ளது. அப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மாண்டவர் பல இலட்சம். நூலின் பொருளோ பஞ்சமன்று. பசித்தவன் அதன் தலைவனும் அல்லன். ஆசிரியரின் கை சென்ற தூரம் அவர் எழுதுகோல் செல்லவில்லை. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. எழுதுவோர் அனைவர்க்கும், அருளுரை ஆற்றுவோர் அனைவர்க்கும் நேரும் நிலை என்றே கூறுகின்றோம். நாம் செய்வது ஒருவேளை நாம் பேசுவதைவிட மேலாக இருக்கலாம். ஆனால் செய்ததனைப் பேச்சுக்குள் கொண்டுவர நமக்குத் துணிவு வருவதில்லை.

பெயர் சொல்லாத பற்று

அன்று மாலை தரங்கம்பாடிக் கடற்கரையில் மாணவர்களிடையே ஒரு வாதம் எழுந்தது. கிறிஸ்தவர் ஒருவர் எழுதிய முதற் புதினத்தின் தலைமை மாந்தர் கிறிஸ்தவர் அல்லர். அவர்கள் போற்றுவது பொதுவாகக் ‘கடவுளை’. இஃது அச்சமா, நாகரிகமா என்பதே வாதம்.

ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு அருமையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வேதநாயகம் பிள்ளைக்கு ஓராண்டு இளையவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1858-இல் திருமுழுக்குப் பெற்ற அவர், பனியனின் கதையைத் தழுவி 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ வெளியிட்டார். ஒருவர் பிறப்பால் கிறிஸ்தவர். மற்றவர் வைணவக் குடியிற் பிறந்து, தெளிந்து தேர்ந்து வந்தவர். வந்தவர் பெயரைப் பாடினார். பிறந்தவர் பெயரை உள்ளே வைத்துக்கொண்டார். கிருஷ்ண பிள்ளையின் காப்பியம் நம் சபைகளுக்குள் உயிரோடிருக்கின்றது. வேதநாயகம் பிள்ளையின் புதினமோ சபைக்கு வெளியே எல்லாராலும் படிக்கப்பட்டு, சபைக்குள் மறக்கப்பட்டது. இருவகைப் பணியும் தேவை என்பதே நம் கருத்து.

அச்சம் என்று சொல்ல நாம் ஒருப்படாததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆர். கே. நாராயண் சிறுவயதில் சென்னைப் புரசைவாக்கத்தில் லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர். அங்குத் திருமறை வகுப்பில் இந்துத் தெய்வங்கள் இகழப்பட்டதனை 1974-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் எழுதியுள்ளார். 1935-இல் வெளிவந்த அவரது முதற் புதினத்தில் வரும் திருமறை ஆசிரியர் எபனேசரை அறிந்தோர், அவ்வகுப்பின் நிழலை அதில் காண்பர். ஆங்கிலம் படிக்கும் உலகம் முழுதும் அந்த எபனேசரைக் கண்டு நகைத்தது. நகைக்கப்பட்டது நம் போதனாமுறை. இதற்கு ஐம்பத்தாறு ஆண்டுகட்கு முன்பே, ஒரு கிறிஸ்தவர் பிறர் இல்லத்துள் நுழைந்து, அவர்தம் வழிபாட்டை இகழாமல், அவர்தம் மகளின் அறிவைப் போற்றி எழுதினார். பெயர் சொல்லி இகழ்ந்த வகுப்பு கிறிஸ்துவுக்குச் சாட்சியா, பெயர் சொல்லாது மதித்த நூல் சாட்சியா என்னும் வினாவை மாணவர் முன் வைத்தோம். வாதம் முடியவில்லை. முடியாதிருப்பதே நலம்.

ஒரகடத்தில் ஒரு வினா

இவ்வளவில் கட்டுரையை முடித்துக்கொள்ளலாம் என்றே எண்ணியிருந்தோம். ஆனால் திரும்பி வந்தபின் நேர்ந்தது நம் திறனாய்வையே மாற்றிவிட்டது.

ஒரகடம் ஒரு தலைமுறைக்கு முன் வயலும் ஏரியுமாக இருந்த சிற்றூர். வண்டலூர்–வாலாசாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–திருப்பெரும்பூதூர் சாலையும் கூடும் இடத்தில், இன்று சிற்றுந்தும் சரக்குந்தும் மோட்டார் சைக்கிளும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் சூழ்ந்துள்ளன. நம் வழிபாட்டிற்கு வரும் இளைஞருள் பலர் காவிரிப்படுகை மாவட்டங்களிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்து, ஓர் அறையில் நால்வர் ஐவராகத் தங்கி, முறைவேலை பார்ப்பவர்கள். அவருட் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர் அல்லது பயிற்சியாளர். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் மாயூரப் பயணத்தைப்பற்றிச் சொல்லி, நூலிலிருந்து ஒரு கதையையும் எடுத்துரைத்தோம். நகைச்சுவைக்காகவே அதனைத் தேர்ந்தோம்.

விக்கிரமபுரியில் பிரதாபன் தன் செருப்பைத் தைக்கக் கொடுக்கின்றான். கூலியைக் குறித்துப் பேசாமல், சந்தோஷப்படுத்துவதாக வாக்களிக்கின்றான். தைத்துக் கொடுத்தவன், கொடுத்த காசை ஏற்காமல் தனக்குச் சந்தோஷம் வரவில்லை என்று வழக்காடுகின்றான். நீதியற்ற அந்நாட்டில் பிரதாபன் தண்டனை பெறுகின்றான். பின்னர் அரியணையேறிய ஞானாம்பாள் வழக்கை மறுபடி விசாரித்து, புதிய அரசர் பட்டம் ஏற்றதில் உனக்குச் சந்தோஷமா என அத்தொழிலாளியைக் கேட்கின்றாள். இல்லை என்று எவன் சொல்வான்? சந்தோஷம் என்கின்றான். வாக்கு நிறைவேறியதாக வழக்கு முடிகின்றது.

அனைவரும் சிரித்தனர். பின்வரிசையில் இரவு முறைவேலைக்குச் செல்லவேண்டிய உடையுடன் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் சிரிக்கவில்லை. “ஐயா, அந்த ஆளுக்குக் கூலி என்ன ஆச்சு?” என்று கேட்டார். பேராசை பிடித்தவன் அவன் என்றும், கொடுத்ததை மறுத்தவன் என்றும் விளக்கினோம். “சரிங்க ஐயா. ஆனா கூலி இவ்வளவுன்னு முதல்லயே சொல்லியிருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காதே. சொல்லாம விட்டது யாரு?” என்றார் அவர்.

நாம் விடையிறுக்க இயலாது நின்றோம். இக்கதையை எத்தனையோ முறை படித்துள்ளோம். தீர்ப்பின் சாதுரியத்தை வியந்துள்ளோம். கூலியை வரையறுக்காமல் வேலை வாங்கியவன் கதைத்தலைவனே என்பது நம் கண்ணில் படவில்லை. செல்வக் குடியினனின் நாவால் சொல்லப்படும் கதையை நாம் அச்செல்வக் குடியின் திண்ணையில் அமர்ந்தே கேட்டு வந்திருக்கின்றோம். அத்தொழிலாளிக்கு நூலில் பெயரும் இல்லை. அரசனின் முன் உண்மையைச் சொல்லும் உரிமையும் இல்லை. ‘சந்தோஷமா’ என்று அதிகாரத்திலிருப்போர் கேட்கும்போது ஒரே ஒரு விடைதான் உண்டு என்பதனை நம் இளைஞர் நம்மினும் நன்கறிவர்.

உடனே நம் நினைவில் எழுந்தது மத்தேயு நற்செய்தியின் திராட்சைத்தோட்ட உவமை. அங்கும் முதலில் வந்தவர்க்கே ஒரு பணம் எனக் கூலி பேசப்பட்டது. மூன்றாம் மணிவேளையில் அமர்த்தப்பட்டவர்க்கு நியாயமானதைத் தருவதாக மட்டுமே தலைவர் கூறினார். வரையறுக்கப்படாத வாக்கு இரு கதைகளிலும் உண்டு. ஒன்றில் அவ்வாக்கு ஒரு சொல்விளையாட்டால் தீர்க்கப்படுகின்றது. மற்றொன்றில் கடைசியில் வந்தவனுக்கும் ஒருநாள் உணவுக்குரிய முழுக்கூலி கையில் வைக்கப்படுகின்றது. அவ்வுவமையை இறைவனின் தாராளத்திற்கு எடுத்துக்காட்டாகவே விளக்கி வந்துள்ளோம். வாக்கை வரையறுக்காத தலைவனின் நேர்மை எவ்வாறு சோதிக்கப்படும் என்பதற்கும் அதுவே விடை என்பதனைக் கற்க நமக்கு வேதநாயகம் பிள்ளையின் புதினமும், ஒரகடத்து இளைஞர் ஒருவரின் வினாவும் தேவைப்பட்டன.

எம்மொழியில்?

நூலுக்கு நாம் அநீதி இழைத்துவிடலாகாது. அதே நூலில், தமிழ் நீதிபதி முன் தமிழ்க் கட்சிக்காரனுக்காகத் தமிழ் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதாடும் கூத்து வன்மையாக எள்ளப்படுகின்றது. தன் உயிரும் உடைமையும் பற்றிப் பேசப்படுவது தனக்கே விளங்காது நிற்கும் எளியவனுக்காக ஆசிரியர் அங்கே உண்மையாகவே சினங்கொள்கின்றார். ‘சித்தாந்த சங்கிரகம்’ வெளியிட்டவருக்கு அச்சினம் வெறும் பேச்சன்று. இன்று கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்க இடமுண்டு. உயர்நீதிமன்றத்தில் தமிழை வழங்கவேண்டும் எனச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியும் அங்கு ஆங்கிலமே நிலவுகின்றது. நூல் இன்னும் பழையதாகவில்லை.

இப்பகுதியை அடுத்த ஞாயிறு படித்தபோது இளைஞர் சிலர் தம் பணிநியமனத் தாள்களைக் கொண்டுவந்து காட்டினர். அவை ஆங்கிலத்தில் இருந்தன. கையெழுத்திட்டவர் தமிழில் இட்டிருந்தனர். அதே தாளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழர்களும் கையெழுத்திட்டனர் என்றனர். அத்தாள்களை வாசித்துப் பொருள் சொல்வதே அன்றைய வேதபாடமாயிற்று. முன்சீபின் பணியை நாம் அன்று சிறிதளவு செய்தோம்.

நம் திருச்சபையையும் இங்கு விலக்க இயலாது. தாய்மொழியில் நற்செய்தி என்பதே நம் பிறப்புரிமை. 1715-இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது அதற்காகவே. ஆனால் நம் சபைக்கணக்குகளும், பேராய விதிகளும், ஏன், நம் இறையியலும் எளிய விசுவாசிக்கு விளங்கும் மொழியிலா இருக்கின்றன? நீதிமன்ற வாசலில் ‘வாய்தா’ என்ற ஒரே சொல்லுடன் திரும்பிய முதியவரைப் போல, ‘ஆமென்’ என்ற ஒரே சொல்லுடன் வீடு திரும்புவோர் நம் ஆலயங்களில் இல்லையா?

முடிவாக

நம் மாணவர்க்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு. இறையியல் நூல்களுக்கு நடுவே ஆண்டிற்கு ஒரு பழம்புதினத்தையேனும் முழுமையாகப் படியுங்கள். எடுத்துக்காட்டு பொறுக்குவதற்காகப் படியாதீர்கள். இயலுமாயின் ஆசிரியரின் ஊருக்குச் செல்லுங்கள். அவர் எழுதியதனை மட்டுமன்று, கண்டும் எழுதாது விட்டதனையும் அங்கே தேடுங்கள். மூன்றாவதே முதன்மையானது. அந்நூலை உங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, உங்கள் மக்களோடு படியுங்கள். ஆசிரியரின் ஊர் நூலை நமக்கு விளக்குகின்றது. நம் ஊரோ அந்நூலைத் தீர்ப்பிடுகின்றது, நம்மையும் தீர்ப்பிடுகின்றது.

வரும் கோடையில் தரங்கம்பாடிக்குப் புறப்படும் ஆயர்கள், மயிலாடுதுறையில் ஒருமணி நேரம் பேருந்தை நிறுத்துமாறு கேட்டுக்கொள்கின்றோம். தேநீர் அருந்தலாம், தவறில்லை. அதன்பின் நீதிமன்ற வாசலில் சற்று நின்று, துணிப்பையுடன் காத்திருப்போரைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். நம் இளைஞரின் வினாவுக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. அவர் வரும் ஞாயிறும் பின்வரிசையில் அமர்ந்திருப்பார்.